எங்கள் தெருக்களின் களப்பணியாளர்களை மீண்டும் பணியில் அமர்த்துங்கள்: ஒரு திறந்த மடல்

குழந்தைகள் நலனுக்குப் பொறுப்பு வகிக்கும் மாநில உயர் அலுவலர்களுக்கும், சென்னை மாவட்டத்தில் அப்பணியை நடத்தும் அதிகாரிகளுக்கும்,

காசிமேட்டுக்கும் கொருக்குப்பேட்டைக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில், பழைய கட்டடம் ஒன்றின் முன்னறையில் பல ஆண்டுகளாக இயங்கிவந்த குடும்ப ஆதரவு மையத்துக்கு இனி மானியம் இல்லை என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். மையத்தை நடத்திய தொண்டு நிறுவனத்துக்கு வந்த கடிதத்தில், இதே சேவைகள் குழந்தைகளுக்கான 1098 உதவி எண் வழியாகவும் மாவட்ட அலுவலகத்திலும் கிடைப்பதால் தனியாக ஒரு மையம் தேவையில்லை என்று காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. அறை பூட்டப்பட்டுவிட்டது. அங்கே வேலை பார்த்த மூன்று பெண்களில் ஒருவர் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டார். மற்ற இருவரும் சம்பளம் இல்லாமலேயே இன்னும் வீடு வீடாகப் போய் வருகிறார்கள். எத்தனை மாதங்களுக்கு அவர்களால் அப்படிப் போய்வர முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த முடிவை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியாது என்பதையும், அதற்கான காரணங்களையும் உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். பிறந்தது காசிமேட்டில், என் தந்தையார் விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். ஓய்வுக்குப் பிறகு மாலை நேரங்களில் அந்த மையத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதற்காக ஊதியம் வாங்கியதில்லை. எனவே மையம் மூடப்பட்டதால் எனக்குத் தனிப்பட்ட இழப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த அறையில் நடந்தவற்றை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில், உங்கள் கடிதம் சொல்லும் மாற்று ஏற்பாடு எங்கள் பிள்ளைகளுக்கு மாற்றாகாது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த அறையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. இரண்டு தையல் இயந்திரங்கள், ஒரு கரும்பலகை, ஒரு கேரம் பலகை, பாய்கள், ஒரு மர அலமாரி. ஆய்வுக்கு வந்த ஒருவர் கேரம் பலகையைப் பார்த்துவிட்டு இதற்கெல்லாம் அரசுப் பணம் எதற்கு என்று கேட்டார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா, வடசென்னையில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளாக வளர்ந்தவர். எங்கள் பக்கத்தில் கேரம் பலகையும், வியாசர்பாடியில் கால்பந்தும் தெருமுனையில் நிற்கும் பிள்ளையை ஓர் அறைக்குள்ளோ ஒரு மைதானத்துக்குள்ளோ அழைத்துவரும் வழிகள். உள்ளே வந்துவிட்ட பிள்ளையிடம்தான் பேச முடியும். தையல் இயந்திரத்தின் பயனும் இத்தகையதே. குடிகாரக் கணவனிடம் அடிபட்ட ஒரு பெண் காவல் நிலையத்துக்குப் போனால் அடுத்த அரைமணி நேரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தையல் பழகப் போகிறாள் என்றால் மாமியார்கூடத் தடுக்கமாட்டார். அப்படி வந்து, ரவிக்கைக்குக் கொக்கி தைத்தபடியே தன் மகனைப் பற்றியும் மகளைப் பற்றியும் மெதுவாகப் பேசத் தொடங்கிய தாய்மார்கள் பலரை நான் அறிவேன்.

ஒரு குழந்தை பிறந்தது முதல் ஆறு வயது வரை அதன் வீட்டு நிலவரம் அங்கன்வாடி ஆசிரியைக்குத் தெரியும். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மிகப் பெரிய பலம் அதுதான் என்று நினைக்கிறேன்: எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இளைத்திருக்கிறது, எந்த வீட்டில் தகப்பன் ஒரு வாரமாக வரவில்லை என்பதைத் தெரிந்துவைத்திருக்கும் ஒரு பெண் அதே தெருவில் இருக்கிறார். ஆறு முதல் பதினான்கு வரை கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் கேட்பதற்கு வகுப்பாசிரியர் இருக்கிறார். பதினான்கு வயதில் ஒரு பையன் படிப்பை விட்டுவிட்டால், அன்றிலிருந்து பதினெட்டு வயது முடியும் வரை அவனைப் பற்றி விசாரிக்கும் கடமை நடைமுறையில் யாருக்கும் இல்லை. அவன் ஏதேனும் குற்றத்தில் மாட்டினால் காவல்துறை விசாரிக்கும். சிறுமி என்றால் அவளுக்குத் திருமணம் நடக்கப்போகிறது என்று புகார் வந்த பிறகு யாராவது விசாரிப்பார்கள். இந்த நான்கு ஆண்டுகளைத்தான் எங்கள் மையம் கவனித்துக்கொண்டது. சட்டம் பதினெட்டு வயது வரை அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. எங்கள் தெருக்களில் அந்தச் சொல்லுக்குப் பொருள் கொடுத்தவர்கள் அந்த மூன்று பெண்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் தந்தை விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்வளத்துக்கு அது தேவை என்பதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வருமானம் நின்றுபோகும் அந்த இரண்டு மாதங்களும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வருவதையும், தடைக்காலம் முடியும் முன்பே ஜூன் மாதத்தில் பள்ளி திறந்துவிடுவதையும் நீங்கள் கணக்கில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? தடைக்கால நிவாரணம் பெரும்பாலும் முந்தைய கடனுக்குப் போய்விடுகிறது. ஏப்ரல் மாதத்தில் ஏதோ ஒரு பட்டறையிலோ மூட்டை தூக்கும் வேலையிலோ சேரும் பதினான்கு வயதுப் பையன், கையில் கூலி பார்த்த பிறகு, ஜூன் மாதத்தில் புத்தகப் பையைத் தேடுவதில்லை. படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியதும் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கவும் பெட்டி இழுக்கவும் போய்விடுகிறான். நான் சொல்லும் பையனும் அப்படித்தான் ஒன்பதாம் வகுப்போடு நின்றான். பள்ளியிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள்; எண் மாறிவிட்டிருந்தது.

மையத்தின் களப்பணியாளர் ஒருவர், பிள்ளைகள் சென்டர் அக்கா என்று கூப்பிடுபவர், விடியற்காலை ஏலம் நடக்கும் நேரத்தில் துறைமுகத்துக்குப் போய் அவனைப் பார்த்தார். முதல் நாள் அவன் பேசவில்லை. அவர் தொடர்ந்து போனார். பிறகுதான் தெரிந்தது, அவன் தங்கைக்கு வலிப்பு நோய் என்பதும், மாத்திரை வாங்கும் பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டிருக்கிறான் என்பதும். அக்கா அந்தப் பெண் குழந்தையை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் மாத்திரை தொடர்ந்து இலவசமாகக் கிடைக்க வழிசெய்தார். தந்தையிடமும் படகு உரிமையாளரிடமும் பேசினார். தலைமையாசிரியரிடம் மன்றாடிப் பையனை மறுபடி சேர்த்தார். இப்போது அவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். இந்த வேலை முழுவதும் உங்கள் பதிவேட்டில் எப்படி வரும்? இடைநின்ற மாணவர் மீண்டும் சேர்க்கப்பட்டார், எண்ணிக்கை ஒன்று என்று வரும். அந்த ஒன்றுக்குப் பின்னால் எத்தனை விடியற்காலைகள் இருந்தன என்பதைப் பதிவேடு சொல்லாது. உதவி எண்ணை அழைக்க அந்தப் பையனுக்குக் காரணமே இருந்திருக்காது. தனக்கு உதவி தேவை என்றே அவன் நினைக்கவில்லை.

1098 உதவி எண்ணை நான் குறைத்துப் பேசவில்லை. 1996இல் மும்பையில், இரவு நேரத்திலும் தெருக் குழந்தைகள் கூப்பிட ஓர் எண் வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கி நாடு முழுவதும் பரவிய சேவை அது. எண்ணற்ற குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. 2023இல் அதைத் தொண்டு நிறுவனங்களிடமிருந்து அரசே நேரடியாக எடுத்துக்கொண்டு, அவசர உதவி எண் 112உடன் இணைத்தது. ஆபத்து வெடித்த நொடியில் அந்த எண் வேண்டும். ஆனால் எங்கள் பகுதியில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழ்கிறார்கள். வீட்டில் இருக்கும் ஒரு கைப்பேசி பெரும்பாலும் வீட்டு ஆணின் கையில் இருக்கிறது. எந்த ஆளைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமோ அந்த ஆளின் கைப்பேசியிலிருந்து, அவர் படுத்திருக்கும் அறையிலிருந்து, பதினோரு வயதுப் பெண் குழந்தை எப்படி அழைக்கும்?

இதை நான் கற்பனையாகக் கேட்கவில்லை. மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு சிறுமி, வகுப்பு முடிந்த பிறகும் வீட்டுக்குப் போக மாட்டாள். பாயைச் சுருட்டுகிறேன், கரும்பலகையைத் துடைக்கிறேன் என்று ஏதாவது வேலையைத் தானே தேடி எடுத்துக்கொள்வாள். ஆசிரியையாக இருந்த நான் அதைப் பொறுப்புள்ள குணம் என்று பாராட்டிக்கொண்டிருந்தபோது, களப்பணியாளர் அதில் வேறொன்றைக் கண்டுகொண்டார். அவர் எதையும் நேரடியாகக் கேட்கவில்லை. பல மாதங்கள் அவளோடு சேர்ந்து பாய் சுருட்டினார். ஒருநாள் அவளாகவே சொன்னாள். அதன் பிறகு சட்டம் செய்ய வேண்டியதைச் செய்தது. போக்சோ சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. குழந்தைகள் நலக் குழுவின் முன் அவள் நின்றபோதும் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னபோதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அந்தக் களப்பணியாளரே. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே முகத்தை நடுவில் எடுத்துவிட்டீர்கள்.

போதை மாத்திரை விவகாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் பழக்கம் வடசென்னைப் பையன்களிடையே பரவியிருப்பது உங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. குழந்தைக்குப் போதைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தப் பிரிவின்படி, ஊசி ஏற்றிக்கொள்ளும் சிறுவன் பாதிக்கப்பட்டவன். எங்கள் தெருவிலோ அவனுடைய தாய், மகனின் கையில் தழும்பைப் பார்த்ததும் முதலில் செய்வது அதை மறைப்பதுதான். காவல்துறைக்குத் தெரிந்தால் பெயர் பதிவேட்டில் ஏறிவிடும், பிறகு எந்தத் திருட்டு நடந்தாலும் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்ற அச்சம் பரம்பரையாக வருகிறது. அந்த அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள். அப்படி மறைத்தபடி இருந்த தாய்மார்கள் மையத்துக்கு வந்தார்கள், தையல் இயந்திரத்தின் முன் அழுதார்கள், களப்பணியாளர்கள் அந்தப் பையன்களை ஒவ்வொருவராகச் சிகிச்சைக்கு அழைத்துப்போனார்கள். சிலர் மீண்டார்கள். சிலர் மறுபடி விழுந்தார்கள், மறுபடி அழைத்துப்போனார்கள். மையம் பூட்டப்பட்ட பிறகு ஒரு தாய் என் வீட்டு வாசலில் நின்று கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: “டீச்சர், ஆபிசுக்குப் போனா எந்த ரூம்ல யார்கிட்டன்னு கேட்டு, என் புள்ள ஊசி போடுறான்னு நான் சொல்றது?” அந்தப் பெண்ணுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

அலுவலகத்துக்கு வரச் சொல்வது எளிது. எர்ணாவூரில் சுனாமி குடியிருப்பிலிருந்தோ மணலியிலிருந்தோ ஒரு பெண் தொலைவிலிருக்கும் அலுவலகத்துக்கு வந்துபோக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். உரிய அலுவலர் வெளியே போயிருந்தால் இன்னொரு நாள். அந்த அலுவலர்களைக் குறை கூறுவது என் நோக்கமல்ல, ஏனென்றால் அவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் வழிகாட்டுதல்கள் ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு வகுத்திருப்பது மனநல ஆலோசனை தரும் ஓர் ஆற்றுப்படுத்துநர், இரண்டு சமூகப் பணியாளர்கள், இரண்டு களப்பணியாளர்கள். சிறிய மாவட்டமானாலும் சென்னையானாலும் ஓர் அலகுக்கு இதே அளவுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள்ளேயே சென்னை மாவட்டத்தில் 46 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். 2018இல் திருவொற்றியூர், மாதவரம் உள்ளிட்ட பகுதிகளும் இந்த மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டன. எண்ணூரில் தொடங்கும் மாநகராட்சியின் முதல் வார்டிலிருந்து தெற்கே கடைசி வார்டு வரை, மொத்தம் 200 வார்டுகள் கொண்ட நகரத்தில் ஓர் அலகுக்கு இரண்டு களப்பணியாளர்கள் என்றால், துறைமுகத்துக்கு விடியற்காலையில் தொடர்ந்து போய் ஒரு பையனிடம் பேச யார் வருவார்கள்? எங்கள் சில தெருக்களுக்கு மட்டும் மூன்று பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் வேலை மிஞ்சியே இருந்தது.

நிதி ஆதரவுத் திட்டம் இருக்கிறதே என்று சொல்வீர்கள். இருக்கிறது, நல்ல திட்டம், மாதம் 4,000 ரூபாய் ஒரு குழந்தையை வீட்டிலேயே வைத்து வளர்க்கவும் பள்ளியிலிருந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளவும் போதுமான உதவி. இளைஞர் நீதிச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, தாய் கைம்பெண்ணாகவோ மணமுறிவு பெற்றவராகவோ குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால் இந்த உதவியை வழங்கலாம் என்கிறது. கைவிடப்பட்டவர் என்று சட்டமே தனியாகக் குறிப்பிட்டிருக்கும்போது, மணமுறிவுத் தீர்ப்பைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணோடு நானே அலுவலக வாசலில் நின்றிருக்கிறேன். கணவன் வேறொருத்தியோடு வேறு ஊரில் குடியேறிவிட்டான். அவனைத் தேடிப்பிடித்து வழக்குப் போட்டு மணமுறிவு வாங்கி வருவதற்குள் அவளுடைய மூத்த மகள் பள்ளிப் படிப்பையே முடித்திருப்பாள், அல்லது கைவிட்டிருப்பாள். இரண்டாவதுதான் நடந்தது.

வருமான வரம்பைப் பாருங்கள். நகரப் பகுதியில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 96,000 ரூபாயைத் தாண்டக்கூடாது; அதாவது மாதம் 8,000 ரூபாய். மூன்று வீடுகளில் பாத்திரம் கழுவித் துணி துவைக்கும் பெண்ணும், காலை முதல் மதியம் வரை கூடையைச் சுமந்து மீன் விற்கும் பெண்ணும் உடல் வருந்திச் சம்பாதிப்பது அந்தத் தொகையைக் கொஞ்சம் தாண்டிவிடுகிறது. தாண்டிய குற்றத்துக்காக அவள் பிள்ளைக்கு உதவி கிடையாது. வாடகைக்கே பாதி போய்விடும் ஒரு நகரத்தில் இந்த வரம்பை வைத்துக்கொண்டு யாருக்கு உதவப்போகிறோம்? 2025இல் தமிழ்நாடு அரசு அன்புக்கரங்கள் திட்டத்தைத் தொடங்கி, பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்க முன்வந்ததை மனமார வரவேற்கிறேன். ஆனால் தந்தை எங்கோ உயிரோடு இருக்க, தாயின் ஒற்றை உழைப்பில் வாழும் பிள்ளைகள் அதற்குள் வருவதில்லை. எங்கள் தெருக்களில் அத்தகைய பிள்ளைகள்தான் அதிகம்.

இன்னொரு வகைக் குடும்பம் கடற்கரைக்கே உரியது. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாமல் இருந்தால்தான் அவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். 2004 சுனாமிக்குப் பிறகும் 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகும் அரசு இந்தக் காலக்கெடுவைத் தளர்த்திச் சான்றிதழ் வழங்கியது. பலர் ஒன்றாக மறைந்தபோது அரசின் மனம் இளகியது. ஒரே ஒருவர் மறைந்தால் அந்தத் தளர்வு இல்லை. அவர் மனைவியின் கையில் இறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் கைம்பெண் உதவித்தொகை இல்லை, வாரிசுச் சான்றிதழ் இல்லை, பிள்ளைகளுக்கு நிதி ஆதரவும் இல்லை. ஏழு ஆண்டுகளில் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பன்னிரண்டு வயதாகிவிடும். களப்பணியாளர்கள் மையத்தில் இருந்தபோது, மீனவர் சங்கத்திடம் கடிதம் வாங்கி, காவல் நிலையப் புகாரின் நகலை இணைத்து, நேரில் விசாரித்து அறிக்கை எழுதி, விதிவிலக்குக்காக உங்கள் அலுவலகத்தோடு மல்லுக்கட்டுவார்கள். இப்போது அந்தக் காகிதங்களை எழுதித்தரவும் ஆளில்லை.

வடசென்னைக்கு அரசு எதுவுமே செய்யவில்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். 2023-24 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம், அடுத்த ஆண்டு பணிகள் தொடங்கும்போதே பல மடங்கு பெரிதாகியிருந்தது. புதிய குடியிருப்புகள் எழுகின்றன, பள்ளிக் கட்டடங்கள் எழுகின்றன, நூலகங்களும் விளையாட்டுத் திடல்களும் வருகின்றன. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமும் 2022இல் எங்கள் பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. என் மாணவியர் பலர் அதனால் பயன்பெறுகிறார்கள். கல்லூரி வாசலை எட்டிவிட்ட பெண்ணுக்கு அந்தத் தொகை ஊன்றுகோல். பத்தாம் வகுப்பிலேயே நின்றுவிட்டவள் அந்த வாசலை எட்டவே இல்லை. அவளை அங்கே கொண்டுசேர்க்கும் வேலையைக் கட்டடமோ உதவித்தொகையோ செய்துவிடாது. இவ்வளவு பெரிய திட்டத்துக்குள் மூன்று பெண்களின் சம்பளத்துக்கு இடமில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

இளைஞர் நீதிச் சட்டம் தன் மூன்றாம் பிரிவில் சில அடிப்படை நெறிகளை வகுத்திருக்கிறது. குழந்தையை வளர்க்கும் முதற்பொறுப்பு குடும்பத்துக்கு என்பது அவற்றில் ஒன்று. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது எல்லா வழிகளும் அடைபட்ட பிறகு கடைசியாக மேற்கொள்ள வேண்டியது என்பது இன்னொன்று. இந்த நெறிகளின்படி, குடும்பம் உடையாமல் தாங்கிப்பிடிக்கும் சேவைதான் முதலில் வர வேண்டும். எங்கள் பகுதியில் கடைசி வழிக்கு மதில் சுவரும் காவலரும் பணியிடங்களும் இருக்கின்றன, முதல் வழி பூட்டப்பட்டுக் கிடக்கிறது. அரசு இல்லத்தில் ஒரு குழந்தையை வைத்துப் பராமரிக்க ஆகும் செலவையும், அந்தக் குழந்தை வீட்டைவிட்டு வெளியேறாமல் பார்த்துக்கொள்ள ஆகும் செலவையும் உங்கள் கணக்குப் பிரிவே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் தம் பெயரில் கல்லூரி நிற்கும் சர் பிட்டி தியாகராயர், 1920இல் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் மதிய உணவைத் தொடங்கினார். பசித்த பிள்ளையை ஓர் அலுவலகத்துக்கு வந்து மனுக் கொடுக்கும்படி அவர் கேட்கவில்லை. பிள்ளை இருக்கும் இடத்துக்குச் சோறு போனது. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் அதே வழியில்தான் தெருவுக்குள் வந்தது. எங்கள் தெருத் திண்ணைகளில் பக்கத்து வீட்டுப் பெண்களே பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், பிள்ளைகள் தயக்கமின்றிப் போனார்கள். இந்த மாநிலத்துக்கு இது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இல்லை.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

முதலாவதாக, மானியத்தை நிறுத்திய முடிவைத் திரும்பப் பெற்று, மையத்தை உடனே திறக்க வேண்டும். திறக்கும்போது அதே பெண்களை, அவர்கள் விரும்பினால், அதே பணியில் அமர்த்த வேண்டும். நல்ல தகுதியுள்ள புதியவர்களை அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் பேசுவது அவர்களுக்குப் பழகிய முகத்திடம். பூட்டியிருந்த மாதங்களில் இருவர் சம்பளமின்றிச் செய்த வேலைக்கு உரிய ஊதியத்தையும் வழங்க வேண்டும். மானியம் ஆண்டுதோறும் தாமதமாக வருவதும், பணியாளர்கள் மாதக்கணக்கில் கடன் வாங்கி வாழ்வதும் தொடரக்கூடாது. குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு உறுதியளிக்கப்பட்ட ஒப்பந்தமாக அது இருக்க வேண்டும்.

மக்கள்தொகையைப் பாராமல் அலகுக்கு இத்தனை பேர் என்று பணியிடங்களைக் கணக்கிடும் முறையை மாற்றி, திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய வடக்கு மண்டலங்கள் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் ஆற்றுப்படுத்துநரையும் போதிய களப்பணியாளர்களையும் மாநில நிதியிலிருந்து நியமிக்க வேண்டும். மத்தியத் திட்டத்தின் அளவுகோல் போதவில்லை என்றால் மாநிலம் கூடுதலாகச் செய்வதற்குத் தடை ஏதும் இல்லை. காலை உணவுத் திட்டத்தில் தமிழ்நாடு அப்படித்தான் செய்தது.

நிதி ஆதரவு கோரும் கைவிடப்பட்ட தாய்மார்களிடம் மணமுறிவுத் தீர்ப்பைக் கேட்கக்கூடாது என்றும், தாயின் உறுதிமொழியும் களப்பணியாளரின் விசாரணை அறிக்கையும் போதும் என்றும் எழுத்துப்பூர்வமான சுற்றறிக்கை வெளியிட வேண்டும். கடலில் காணாமற்போனவர்களின் பிள்ளைகளுக்கு, இறப்புச் சான்றிதழுக்காகக் காத்திராமல், காவல்துறைப் புகாரையும் மீன்வளத் துறையின் பதிவையும் ஏற்று உதவியைத் தொடங்க வேண்டும். 96,000 ரூபாய் வரம்பை உயர்த்துமாறு மத்திய அரசுக்கு எழுதுவதோடு, அது உயரும்வரை வரம்பைச் சற்றே தாண்டிய காரணத்தால் விடுபடும் குழந்தைகளை மாநிலத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதல்கள் நகரங்களில் வார்டு அளவில் மக்கள் பிரதிநிதியின் தலைமையில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இயங்க வேண்டும் என்கின்றன. எங்கள் வார்டில் அப்படி ஒரு குழு கூடியதாக எங்கள் தெருக்களில் யாருக்கும் தெரியாது. அதன் உறுப்பினர்கள் யார், எப்போது கூடுவார்கள் என்பதை வார்டு அலுவலகத்திலும் நியாயவிலைக் கடைகளிலும் எழுதி ஒட்டுங்கள். ஒரு மீனவப் பெண்ணும் பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு தாயும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

கடைசியாக, மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15க்கு முன்பாக, முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஓர் உயர் அலுவலர் எங்கள் பகுதிக்கு வந்து, தாய்மார்களையும் பிள்ளைகளையும் நேரில் சந்தித்துப் பேச வேண்டும். படகு வேலை, மீன் விற்பனை, வீட்டு வேலை என்று போகிறவர்கள் வீட்டில் இருக்கும் மாலை நேரத்தில் அந்தச் சந்திப்பு நடக்க வேண்டும். மேலே கேட்டவற்றில் எவற்றை எந்தத் தேதிக்குள் செய்யப்போகிறீர்கள், எவற்றைச் செய்ய இயலாது, ஏன் இயலாது என்பதற்கான எழுத்துப்பூர்வமான பதிலை அந்தச் சந்திப்பின்போதே எங்களிடம் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை,
காசிமேடு, வடசென்னை